கசிவு நிலத்து அழுகண்ணி

கடலூர் மாவட்டத்துக்குச் செடி பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் நேரே பிச்சாவரத்துக்குப் போய்விடுகிறார்கள். சுரபுன்னையும் தில்லையும் அடர்ந்த அந்தக் கழிமுகத்தைச் சென்ற அத்தியாயத்தில் சுற்றிவந்தோம். இந்த அத்தியாயத்தில் நாம் போகப்போவது யாரும் பார்க்க வராத நிலம். வருவாய்த் துறைக் கணக்கில் தரிசு என்றோ மேய்க்கால் புறம்போக்கு என்றோ எழுதப்பட்டிருக்கும் செம்மண் மேடுகள். அவற்றின் சரிவுகளில், மழை ஓய்ந்த பிறகும் சில வாரங்கள் ஈரம் கசிந்துகொண்டிருக்கும் துண்டு நிலங்கள் உண்டு. ஒரு துண்டு நான்கு பாய் விரிக்கும் அளவுகூட இருக்காது. அங்கேதான் அழுகண்ணியைத் தேட வேண்டும்.

அழுகண்ணி பூச்சியைப் பிடித்து உண்ணும் செடி. பள்ளிப் பாடப்புத்தகத்தில் டிரோசிரா என்ற பெயரில் இதைப் படித்திருப்பீர்கள். படத்தில் பார்த்த பலரும் அது ஏதோ அயல்நாட்டுச் செடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது நம் மண்ணின் செடி. ஐப்பசி மழைக்கு முளைத்து, மார்கழி, தையில் பூத்து, வெயில் ஏறுவதற்குள் விதை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும் ஓராண்டுச் செடி. உலக அளவில் இது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமும் அல்ல. ஆப்பிரிக்கா, வெப்ப ஆசியா, ஆஸ்திரேலியா என்று இதன் உறவுகள் பரந்து கிடக்கின்றன. தமிழகச் சமவெளியில்தான் இது அபூர்வம். அது கேட்கும் தரை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருவதே அதற்குக் காரணம்.

இரண்டு இனங்கள், ஒரு பெயர்க் குழப்பம்

நம் சமவெளியில் பார்க்கக்கூடியவை இரண்டு இனங்கள். இந்தியாவில் உள்ள மூன்றாவது இனமான டிரோசிரா பெல்டாட்டா, நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் புல்வெளிகளில் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் துளிர்க்கும் செடி. அதைக் கடலூரில் தேட வேண்டாம்.

முதலாவது டிரோசிரா பர்மானி. தரையோடு ஒட்டிய வட்டமான இலைக்கொத்து. விட்டம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். இலைகள் அடியில் குறுகி, நுனியில் அகன்றிருக்கும். நல்ல வெயில் படும் இடத்தில் செடி முழுவதும் செம்மை ஏறியிருக்கும். நிழல் பட்டால் பச்சை கூடும். நடுவிலிருந்து எழும் பூந்தண்டு ஒரு சாண் உயரம்கூட வராது. மென்மையான, மயிரில்லாத தண்டு; மேலே ஐந்து இதழ்கொண்ட சிறிய வெள்ளைப் பூக்கள்.

இரண்டாவது டிரோசிரா இண்டிகா. இதற்குத் தரையோடு ஒட்டிய இலைக்கொத்து கிடையாது. தண்டு நிமிர்ந்தோ சாய்ந்தோ வளரும். இலைகள் நூலாக நீண்டு, நுனி வரை பசை மயிர்களைச் சுமந்திருக்கும். பூக்கள் இளஞ்சிவப்பு, சில இடங்களில் வெள்ளை. பூந்தண்டின் மேலும் பசை மயிர்கள் உண்டு. இளஞ்செடியாக இருக்கும்போது புல்லோடு புல்லாகக் கிடக்கும். பூத்த பிறகுதான் கண்ணில் படும்.

பூ இருந்தால் உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியால் பூவின் நடுவைப் பாருங்கள். பர்மானியில் சூல்தண்டுகள் ஐந்து இருக்கும். இண்டிகாவில் மூன்று; ஒவ்வொன்றும் அடியிலிருந்தே இரண்டாகப் பிளந்திருக்கும். பூ இல்லாவிட்டால் இலையின் அடியில் பாருங்கள்: வெண்ணிறச் சவ்வாக இலையடிச் செதில் இருந்தால் பர்மானி, இல்லாவிட்டால் இண்டிகா.

இண்டிகாவுக்கு லின்னேயஸ் 1753-இல் பெயர் வைத்தார். இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன செடிகளும் படங்களும்தான் அவருக்கு ஆதாரம். பர்மானிக்கு 1794-இல் பெயரிட்டவர் மார்ட்டின் வால்; 1737-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட யோகன்னஸ் பர்மனின் நினைவாக அந்தப் பெயர். நம் வட்டாரத்துக்கு அடிப்படை நூல், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரேப்பினட் உலர்தாவரகத்தில் அருள்தந்தை கே.எம். மேத்யூ 1980-களில் உருவாக்கிய தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரத் தொகுதி. இவ்விரு இனங்களும் அதில் உண்டு. படங்களுக்கென்றே தனித் தொகுதி இருப்பதால், ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கும் அது உதவும்.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்து உப்புத் தரைகளில் சாம்பல் பூத்த சிற்றிலைகளோடு படர்ந்து கிடக்கும் கிரெஸ்ஸா கிரெட்டிகாவையும் சில மூலிகை நூல்கள் அழுகண்ணி என்றே குறிப்பிடுகின்றன. உப்பு மரிக்கொழுந்து என்ற பெயரும் அதற்கு உண்டு. யாராவது “கழி ஓரத்தில் அழுகண்ணி ஏக்கர் கணக்கில் கிடக்கிறதே” என்று சொன்னால், அவர் சொல்வது இதைத்தான். டிரோசிரா உப்பு மண்ணில் வளராது.

எந்த மண்ணில் தேடுவது

சிதம்பரத்திலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். புவனகிரி, சேத்தியாத்தோப்பு வரை இருபுறமும் நெல் வயல். காவிரியும் கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவந்து போட்ட வண்டல் களிமண். வீராணத்துத் தண்ணீர் பாயும் வளமான பூமி. இந்தப் பகுதியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சத்து மிகுந்த மண்ணில் கோரையும் புல்லும் ஒரே வாரத்தில் முழங்கால் உயரம் வந்துவிடும்; நாணயமளவு செடிக்கு அங்கே வெளிச்சமே கிடைக்காது. யூரியாவும் டிஏபியும் விழுந்த மண்ணோ இதற்கு நேரடியாகவே ஆகாது.

சேத்தியாத்தோப்பிலிருந்து வடலூர் நோக்கி வடக்கே போனால் மண் நிறம் மாறத் தொடங்கும். வடலூர், நெய்வேலி, பண்ருட்டி, மேற்கே விருத்தாசலம் வரை செம்மண் மேடு. முந்திரித் தோப்பும் பலாவும் சவுக்கும் நிறைந்த நாடு. கடலூர் நகரத்தை ஒட்டிய கேப்பர் மலையும் இதன் நீட்சிதான். மலை என்பது பெயருக்கு. உண்மையில் அது சிவந்த மணற்பாறை மேடு. புவியியலாளர்கள் இந்தப் பாறை அடுக்குக்கே கடலூர் மணற்பாறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மயோசீன், ப்ளியோசீன் காலங்களில், அதாவது சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 26 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடையில், படிந்தது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் இதே அடுக்கைச் சேர்ந்தவை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே தோண்டி அகற்றப்படுவதும் பெரும்பாலும் இதுதான்.

இந்த மண் ஏன் அழுகண்ணிக்கு ஏற்றது என்பதைப் புரிந்துகொண்டால் தேடுவது எளிதாகிவிடும். செம்மைக்குக் காரணம் இரும்பு. இரும்பும் அலுமினியமும் மிகுந்த மண்ணில் மணிச்சத்து அவற்றோடு பிணைந்துகொள்ளும். வேருக்குச் சுலபமாகக் கிடைக்காது. இலட்சக்கணக்கான ஆண்டு மழை, தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் அரித்துக்கொண்டு போயிருக்கிறது. சில இடங்களில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே இரும்புக்கூழாங்கற்கள் இறுகிக் கெட்டிப் படுகையாகக் கிடக்கும். பருவமழைத் தண்ணீர் அந்தப் படுகைக்குக் கீழே இறங்க முடியாமல் அதன் மேலேயே நகர்ந்து, சரிவு முடியும் இடத்தில் கசிகிறது. சத்தில்லாத மண், தண்ணீர் நின்று காற்றோட்டமும் இல்லாத மண். வேரை மட்டும் நம்பும் செடிகள் அங்கே குட்டையாகவும் அடர்த்தியின்றியும்தான் வளரும். அழுகண்ணி தழைச்சத்தையும் மணிச்சத்தையும் இலையில் ஒட்டும் கொசு, ஈ, எறும்பிலிருந்து எடுத்துக்கொள்வதால் அந்த வெற்றிடம் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

அதன் இலையை ஒரு நிமிடம் கண்ணாடியால் பாருங்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் சிவந்த சுரப்பி. அதன் மேல் தெளிந்த பசைத்துளி. பூச்சி கால் வைத்தால் பசை நூலாக இழுபடும். திமிறத் திமிறப் பக்கத்து மயிர்களிலும் ஒட்டிக்கொள்ளும். பர்மானியின் இலை ஓரத்தில் இருக்கும் நீண்ட மயிர்கள் சில விநாடிகளிலேயே உள்நோக்கி வளைந்துவிடும், கண்ணெதிரே நடக்கும். இண்டிகாவில் இலையே மெதுவாகச் சுருண்டு பூச்சியை மூடும். பிறகு சுரப்பிகள் செரிமான நொதிகளை விட்டுப் பூச்சியின் உடலைக் கரைத்து உறிஞ்சுகின்றன. சார்லஸ் டார்வின் 1860-இல் இங்கிலாந்தில் இதன் உறவினமான வட்ட இலை டிரோசிராவைப் பார்த்து வியந்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றித் தனி நூலே எழுதினார். இச்செடிகளின் சுரப்பும் செரிமானமும் விலங்குகளின் செரிமானத்தை ஒத்திருப்பதை அந்நூல் சோதனைகளோடு காட்டியது.

ஆக, தேட வேண்டிய தரைக்கு நான்கு குணங்கள்: செம்மணலோ இரும்புக்கூழாங்கல்லோ கலந்த மண், மழைக்குப் பின் நீடிக்கும் கசிவு, மரநிழல் இல்லாத முழு வெயில், உயரமான புல் மூடாத வெற்றுத்தரை. நான்கும் ஒருங்கே அமைவது அரிது. ஏரிக்கு மேல்பக்கச் சரிவு, பழைய சரளைக்குழியின் ஓரம், மேட்டுநில ஓடையின் கரை, முந்திரித் தோப்புக்கும் மேய்ச்சல் தரைக்கும் இடைப்பட்ட வெளி: இவற்றை முதலில் பாருங்கள்.

ஊர்க்காரர்களைக் கேளுங்கள். செடியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். தரையைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆடு மேய்ப்பவரிடம், “அண்ணே, மழ வுட்டு பத்து நாளானாலும் தண்ணி கசியற எடம் இங்க எங்கனா இருக்கா?” என்று கேட்டால், யோசிக்காமல் கை காட்டுவார். ஆட்டுக்குக் குளம்பு அழுகல் வரும் என்று அவர் ஒதுக்கிவைத்திருக்கும் சொதசொதப்பான இடமாக அது இருக்கக்கூடும். நமக்கு வேண்டியது அதுதான்.

துணைச் செடிகளும் வழிகாட்டும். ஊதாவோ மஞ்சளோ நிறத்தில் மிகச் சிறிய பூக்கள் இலையே இல்லாமல் மண்ணிலிருந்து எழுந்து நின்றால் அது யூட்ரிகுலேரியா. மண்ணுக்குள் நுண்ணிய பைகளை வைத்து நுண்ணுயிர்களைப் பிடிக்கும் இன்னொரு ஊனுண்ணிச் செடி. மெல்லிய காம்பின் மேல் குண்டூசித் தலையாக வெள்ளைப் பூங்கொத்து நின்றால் எரியோகாலான். மஞ்சள் பூவோடு சைரிஸும் இருக்கலாம். இந்த மூன்றில் இரண்டைப் பார்த்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டு தேடினால் அழுகண்ணி அகப்படாது.

எப்போது போவது

மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அழுகண்ணியின் வாழ்க்கை முழுவதும் அந்த மழையோடு கட்டுண்டது. நவம்பரில் போனால் சேறும் நாற்றும்தான். நாற்றுகளை அடையாளம் காண்பது பழகிய கண்ணுக்கே கடினம். டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி பிப்ரவரி நடு வரை நல்ல பருவம். மழை முன்னதாக நின்ற ஆண்டில் ஜனவரியிலேயே கருகிவிடும். தை வரை தூறல் நீடித்தால் மாசியிலும் பூ பார்க்கலாம். நாள்காட்டியைவிடக் கடைசி நல்ல மழை எப்போது பெய்தது என்பதையே கணக்கில் கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் போனால் பனி எல்லாப் புல்லிலும் மின்னும். எது பனி, எது பசை என்று தெரியாது. ஒன்பது மணிக்கு மேல் பனி உலர்ந்துவிடும், பசைத்துளி உலராது. சூரியனை எதிர்நோக்கிக் குனிந்து, தரைமட்டத்தில் பார்வையை ஓட்டுங்கள். அப்போதும் மின்னிக்கொண்டிருப்பது அழுகண்ணி. பூக்களும் வெயில் ஏறிய பிறகு சில மணி நேரமே விரிந்திருக்கும். பிற்பகலில் போனால் மூடிய மொட்டையே பார்ப்பீர்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. மேகம் மூடிய நாளில் போகாதீர்கள்.

காலணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கசிவு நிலத்தின் மேற்புறம் பாசியும் நுண்மணலும் சேர்ந்த மெல்லிய தோல். அதில் ஒருமுறை பதியும் குதிகால் தடத்தில் நாற்றுகள் புதைந்துவிடும். புல்திட்டு, கல் இவற்றின் மேல் மட்டும் கால் வையுங்கள். மூவருக்கு மேல் ஒரே துண்டுக்குள் இறங்காதீர்கள். கல்லூரி மாணவர்களை அழைத்துவருபவர்கள் கசிவுக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, இருவர் இருவராக உள்ளே அனுப்ப வேண்டும். முள், கட்டுவிரியன் பயம் எல்லாம் இம்மாவட்டத்தின் எந்தத் தரிசுக்கும் பொது; தனியே சொல்லத் தேவையில்லை. சுரங்கப் பகுதிகளின் வேலிக்குள் அனுமதியின்றி நுழைய வேண்டாம்.

படமும் பதிவும்

நல்ல பதிவுக்குச் செடியைப் பறிக்கத் தேவையில்லை. கைபேசிப் படமே போதும். ஆனால் பலர் பசைத்துளி மின்னும் ஒரே இலையை அழகாக எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. முழுச்செடி பக்கத்தில் நாணயத்தோடு, இலை நெருக்கமாக, பூ நேர் முகமாக, பூந்தண்டு பக்கவாட்டில், காய் இருந்தால் அது. கடைசியாக ஐந்தடி பின்னால் வந்து தரையை ஒரு படம். இந்தக் கடைசிப் படம்தான் எல்லாவற்றிலும் மதிப்புள்ளது. பத்தாண்டு கழித்து அந்த இடத்தில் செடி இல்லாதபோது, என்ன மாறியது என்று கேட்க அதுதான் இருக்கும்.

எண்ணிக்கை எடுப்பவர்கள் ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் குறித்து, அதற்குள் உள்ள செடிகளை மட்டும் எண்ணுங்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே பருவத்தில் அதே சதுரத்தை எண்ண வேண்டும். எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்கும், பதறாதீர்கள். ஓராண்டுச் செடிக்கு இது இயல்பு. மழை பொய்த்த ஆண்டில் ஒன்றுகூட முளைக்காமல் போகலாம். தூசியளவு விதைகள் மண்ணுக்குள் காத்திருக்கும். ஒரே ஆண்டு காணவில்லை என்பதற்காக அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடக் கூடாது; நல்ல மழை பெய்த ஆண்டு ஒன்று கடந்தும் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். மரங்களைப் பாதுகாத்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு புதிது. மரம் நிற்பது கண்ணுக்குத் தெரியும். இந்தச் செடி ஆண்டில் எட்டு மாதம் விதையாக மட்டுமே இருக்கிறது. வைகாசியில் வெடித்துக் காய்ந்து கிடக்கும் அந்தத் தரையைப் பார்த்து “இங்கே ஒன்றுமில்லை” என்று ஓர் அதிகாரியோ மனை வணிகரோ சொன்னால், அவர் கண்ணுக்கு அது உண்மையாகத்தான் தெரியும். சித்திரை, வைகாசியில் ஒருமுறை போய் அந்த நிலையிலும் படம் எடுத்துவையுங்கள். இரண்டு படங்களையும் சேர்த்துக் காட்டினால்தான் பேச்சு எடுபடும்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றும்போது இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். சரியான புள்ளி ஆய்வாளருக்குத் தெரிந்தால் போதும். இந்த நூலில் ஊர்ப் பெயரோ சர்வே எண்ணோ தராததற்கும் அதுவே காரணம். சித்த மருத்துவ மரபில் கற்ப மூலிகைகளின் வரிசையில் அழுகண்ணி பேசப்படுகிறது; அதனால் அதற்குத் தேவையும் உண்டு. உலர்ந்தால் எடையே இல்லாத செடி இது. ஒரு கிலோ சேர்க்க ஆயிரக்கணக்கில் பிடுங்க வேண்டும். அதுவும் விதை விழுவதற்கு முன்பு, பூத்து நிற்கும் பருவத்தில். ஒரு துண்டு நிலத்தை ஒரே காலையில் துடைத்துவிடலாம். மருந்து தேவைப்படுபவர்கள் சித்த மருத்துவரிடம் போகட்டும். காட்டில் தாமாகப் பறித்துத் தின்பது செடிக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல.

வீட்டுத்தொட்டிக்கு எடுத்துப் போகும் ஆசையும் வரும். வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் தொட்டி மண்ணின் உரமும் சில நாட்களில் அதைக் கொன்றுவிடும்.

எது கெடுக்கிறது

செம்மண் எடுப்பு முதல் எதிரி. சாலைக்கும் மனைக்கும் கொட்டுவதற்காகக் கிராவல் வெட்டும்போது கசிவைத் தாங்கும் கெட்டிப்படுகையே போய்விடுகிறது. பிறகு மழைத் தண்ணீர் அங்கே நிற்பதில்லை. மனைப்பிரிவுக்குத் தரை நிரவினாலும் இதேதான். இவை வெளிப்படையான கேடுகள், எல்லோருக்கும் தெரியும்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் கேட்டைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், இந்தச் செம்மண் நாட்டின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதைப் பார்த்த மக்கள் மரம் நட ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் காலி இடம் எல்லாம் மரத்துக்குரிய இடம் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. கசிவு நிலத்தில் சவுக்கோ தைலமரமோ புங்கமோ நட்டால் நிழல் விழும், சருகு மூடும், வேர்கள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று, நான்கு ஆண்டில் அழுகண்ணியும் அதன் துணைச்செடிகளும் போய்விடும். “பசுமையாக்கினோம்” என்ற பலகை மட்டும் நிற்கும். திறந்த வெற்றுத்தரையும் ஒரு வாழிடம் என்பதை நட வருபவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். மரம் நட நூறடி தள்ளி இடம் இருக்கும். கசிவைத் தள்ளி வைக்க முடியாது. வேலிக்காத்தான் நாமாக நடாமலேயே வந்து இதே வேலையைச் செய்கிறது. கசிவுக்குள் அது சிறு கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவது நல்லது. பெரிய மரத்தைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கினால் மரத்தால் வந்ததைவிட அதிகச் சேதம் ஆகும். தரையோடு வெட்டித் துளிரை ஆண்டுதோறும் கழிப்பதே இங்கே சரி.

மழைநீர் சேமிப்புக்குக் குழி வெட்டுவது, குட்டையை ஆழப்படுத்துவது ஆகியவையும் இடம் பார்த்துச் செய்ய வேண்டியவை. சரிவின் மேல்பக்கம் வரப்புப் போட்டால் கீழே கசிவு நின்றுபோகும்.

மேய்ச்சலைப் பற்றி ஒரு சொல். ஆடு மாடு புகாமல் கம்பி வேலி போட்டால் செடி பிழைக்கும் என்று நினைப்பது இயல்பு. அப்படிச் செய்தால் புல் ஓங்கி வளர்ந்து அழுகண்ணியை மூடிவிடும். அளவான மேய்ச்சல்தான் தரையைத் திறந்து வைத்திருக்கிறது. தடுக்க வேண்டியது டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் லாரியும் உள்ளே வருவதை. நான்கு கருங்கற்களைக் குறுக்கே நட்டால் வண்டி நுழையாது, ஆடு நுழையும். அதற்கு மேல் செலவு தேவையில்லை.

ஊராட்சியில் செய்யக்கூடியது

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் வழி செய்கிறது. அதே சட்டத்தின் கீழ்தான் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. நாணயமளவு செடிக்காகக் கசிவுத் துண்டு ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்கமாட்டேன். ஆனால் பதிவேட்டில் ஒரு வரி ஏற்றுவது எந்த ஊரிலும் முடியும். அந்த வரி இருந்தால், நாளைக்குக் கிராவல் குத்தகைக்கோ மனைப்பிரிவுக்கோ ஆட்சேபம் எழுதும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும். இன்று பெரும்பாலான இடங்களில் அந்தக் காகிதம் இல்லை.

எழுதுவதற்கு முன் இனத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையும், புதுச்சேரியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மண்டல அலுவலகம் இருக்கிறது. மேலே சொன்ன படங்களோடு போனால் போதும். மனுவில் அறிவியல் பெயர், சர்வே எண், பூக்கும் மாதம், மழைக்காலப் படம், கோடைப் படம் ஆகியவை இருக்கட்டும். “இங்கே மண் எடுக்க வேண்டாம், மரம் நட வேண்டாம், மேய்ச்சலைத் தடுக்க வேண்டாம்” என்று மூன்று கோரிக்கைகளை மட்டும் எழுதுங்கள். நீண்ட மனுவை யாரும் படிப்பதில்லை.

ஜனவரி 26 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. அழுகண்ணி பூத்திருக்கும் பருவம் அது. உங்கள் ஊரில் கசிவு நிலம் இருந்தால் அன்று காலை ஒன்பது மணிக்கு வார்டு உறுப்பினரையும் பள்ளி ஆசிரியரையும் அங்கே அழைத்துப்போய்க் காட்டிவிட்டு, நேரே சபைக்குப் போய் மனுவைக் கொடுங்கள். பதிவேட்டில் ஏற்றியதற்கான தீர்மான நகலை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.